மிட்டாய் வளையம் செய்வோமா?



என்ன, தலைப்பைப் படிச்சதுமே நாக்குல எச்சில் ஊறுதா? கொஞ்சம் பொறுங்க. இது சாப்பிடுற கட்டுரை இல்லை, செய்யுற கட்டுரை. செஞ்சு முடிச்ச பிறகுதான் சாப்பிடணும்!

போன வருஷம் டிசம்பர் மாதம் அரையாண்டுத் தேர்வு நடந்தப்போ, ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு ஜன்னல்ல வட்டமா, கலர் கலரா ஒண்ணு தொங்கிச்சே, ஞாபகம் இருக்கா? நிறைய பேர் வந்து "இது என்ன? எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டீங்க. இந்த வருஷம் நாங்க பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருக்கிறதால எங்களுக்கு நேரம் இல்லை. அதனால நீங்க செய்யணும்னு ஆசைப்பட்டு, செய்முறையை இங்கே எழுதி வைக்கிறோம். நாங்க செஞ்ச தப்பையும் சேர்த்தே எழுதியிருக்கோம். அதை மட்டும் நீங்க திரும்பச் செய்யாதீங்க.

முதலில் ஒரு தப்பு

எங்க பள்ளி நூலகத்துல ஒரு பழைய கைவேலைப் புத்தகம் இருக்கு. அதில் வெளிநாட்டு வீடுகளின் வாசல் கதவுல இலையால் செய்த வளையம் மாட்டியிருக்கிற படம் ஒண்ணு வந்திருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்துல அப்படி மாட்டுவாங்களாம். பார்க்க ரொம்ப அழகா இருந்தது. உடனே நாங்க நாலு பேர் சேர்ந்து, வேலியோரத்து இலையையும் சிவப்புக் காகிதப் பூவையும் வைத்து ஒரு வளையம் கட்டினோம். எங்கே மாட்டலாம்னு யோசிச்சு, எல்லாரும் வந்து போற இடமாச்சேன்னு சத்துணவுக்கூட வாசல்ல மாட்டிட்டோம்.

மத்தியானம் சத்துணவு ஆயாம்மா வந்தாங்க. வாசல்லேயே நின்னுட்டாங்க. "யாருக்குப்பா இது? யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டாங்க. எங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த வருஷம் அக்டோபர் மாசம்தான் அவங்க வீட்டுக்காரர் காலமானார். அப்போ பள்ளிக்கூடத்து சார்பா நாம கொண்டு போய் வச்சதும் இதே மாதிரி ஒரு வளையம்தான். அது எங்க யாருக்குமே ஞாபகம் வரலை. உடனே கழற்றிட்டோம். அன்னைக்கு எங்க நாலு பேருக்கும் சோறு இறங்கலை.

பிறகு தமிழய்யாகிட்ட போய்ச் சொன்னோம். அவர் திட்டலை. "ஒரே பொருள்தான், ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். அது தெரியாம மாட்டினதுதான் தப்பு. தெரிஞ்சுக்கிட்டு வேற மாதிரி செய்யுங்க" என்றார். அவர் சொன்னதையும் நாங்க தேடிப் படித்ததையும் சேர்த்து, கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

வளையத்தின் கதை

பழங்காலக் கிரேக்க நாட்டில் ஒலிம்பியா என்ற ஊரில் நடந்த விளையாட்டுப் போட்டிகளில் ஜெயிச்சவங்களுக்குத் தங்கப் பதக்கம் கிடையாது. காட்டு ஒலிவ மரக் கிளையை வட்டமாக வளைத்துத் தலையில் சூட்டுவார்கள். அதுதான் பரிசு. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பழைய வழக்கத்தை நினைவுபடுத்தி, பதக்கத்தோடு ஒலிவ இலை வளையமும் சூட்டினார்கள். நம்ம ஊரிலும் இது இருந்திருக்கிறது. போரில் வென்றவர்கள் வாகைப் பூச் சூடுவார்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? இன்னைக்கும் செய்தித்தாளில் 'வெற்றி வாகை சூடினார்' என்றுதான் எழுதுகிறார்கள்.

ஐரோப்பாவின் வட பகுதி நாடுகளில் டிசம்பர் மாதம் கடும் பனி. பெரும்பாலான மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையா நிற்கும். பைன், ஃபிர் போன்ற ஊசியிலை மரங்கள் மட்டும் பச்சையாகவே இருக்கும். அந்தப் பச்சைக் கிளையை வளைத்து வீட்டில் மாட்டினால், 'பனி போகும், மறுபடி வசந்தம் வரும்' என்கிற நம்பிக்கை. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அதனால் கிறிஸ்தவர்கள் அதை முடிவில்லாத வாழ்வின் அடையாளமாகவும் பார்க்கிறார்கள்.

நம்ம ஊரிலோ பூவை வட்டமாகக் கட்டி நிறுத்தினால் அது அஞ்சலி. 'மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்தினார்' என்று எத்தனை செய்தி கேட்டிருக்கிறோம்! மகிழ்ச்சிக்கு நாம் கட்டுவது மாவிலைத் தோரணமும், மாலையும், சரமும்தான். ஆயாம்மா கேட்டதில் தப்பே இல்லை.

உங்களுக்குத் தெரியுமா?

எங்க வகுப்பில் சர்ச்சுக்குப் போகிற நண்பர்கள், "எங்க கோயில்லயும் ஒரு வளையம் உண்டு. ஆனா தொங்கவிட மாட்டாங்க, மேசை மேல வச்சு நாலு மெழுகுவத்தி ஏத்துவாங்க" என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒவ்வொரு மெழுகுவத்தியாக ஏற்றுவார்களாம். இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. 1839ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்தினார். பிள்ளைகள் தினமும் "கிறிஸ்துமஸ் எப்போ வரும்? இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று நச்சரித்தார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வரிசையாக வைத்தார். வார நாளுக்குச் சின்னது, ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரியது. தினம் ஒன்று ஏற்றினார்கள். பிள்ளைகள் நாளை எண்ணக் கற்றுக்கொண்டார்கள். அந்தச் சக்கரம்தான் காலப்போக்கில் நாலு மெழுகுவத்தி வளையமாகச் சுருங்கியது.

இலைக்குப் பதிலாக மிட்டாய்

அமெரிக்காவில் இந்த வளையத்தையே மிட்டாயில் செய்கிற வழக்கம் ஒன்று உண்டு. சட்டை மாட்டுகிற கம்பி ஹேங்கரை வட்டமாக வளைப்பார்கள். தாள் சுற்றிய மிட்டாய்களை நெருக்கமாக ரிப்பனால் கட்டிவிடுவார்கள். கீழே ஒரு சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு மிட்டாயை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். பார்க்கவும் அழகு, விருந்தாளிக்கு உபசரிப்பும் ஆச்சு.

இதைக் கேட்டதும் எங்களுக்குப் பொறி தட்டிச்சு. மிட்டாயில் செஞ்சா யாரும் அதை அஞ்சலி வளையம்னு நினைக்க மாட்டாங்களே! ஆனா இந்தத் தடவை மாட்டுறதுக்கு முன்னாலேயே ஆயாம்மாகிட்ட போய், "இப்படிச் செய்யலாம்னு இருக்கோம், உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?" என்று கேட்டோம். "மிட்டாய்லயா? செய்யுங்கய்யா, நல்லாத்தான் இருக்கும்" என்றாங்க. அதுக்கப்புறம்தான் வேலையை ஆரம்பித்தோம்.

எந்த மிட்டாய் நல்லது? (கொஞ்சம் அறிவியல்)

கடைக்குப் போய்க் கண்ணில் பட்டதை வாங்கிடாதீங்க. எல்லா மிட்டாயும் தொங்காது.

1. சாக்லேட் வேண்டாம். சாக்லேட்டில் இருக்கிற கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெயில் படுகிற ஜன்னலில் மாட்டினால் மத்தியானத்துக்குள் குழம்பாகிவிடும்.

2. ஜெல்லி, பஞ்சு மிட்டாய், கடலை மிட்டாய் வேண்டாம். முதல் ரெண்டும் பிசுபிசுக்கும். கடலை மிட்டாய் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் கட்டுவதற்குக் காது கிடையாது.

3. கடித்தால் 'கடக்' என்று உடைகிற மிட்டாய், அதுவும் ரெண்டு பக்கமும் தாளை முறுக்கிவிட்ட மிட்டாய்தான் சரி. அந்த முறுக்கின பகுதியை நாங்க 'காது' என்று சொல்வோம். காதைப் பிடித்துத்தான் கட்ட வேண்டும்.

இந்தக் கெட்டி மிட்டாய் எப்படித் தயாராகிறது தெரியுமா? சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் சேர்த்து ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸ் வரைக்கும் காய்ச்சுவார்கள். தண்ணீர் எல்லாம் ஆவியாகி, நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குதான் மிஞ்சும். அந்தப் பாகைச் சீக்கிரமாக ஆற வைத்தால், சர்க்கரை மூலக்கூறுகளுக்கு வரிசையாக நின்று படிகமாக நேரம் கிடைக்காது. கலைந்த நிலையிலேயே இறுகிப் போகும். ஜன்னல் கண்ணாடியும் இதே மாதிரிதான் இறுகுகிறது. ஆக, கெட்டி மிட்டாய் என்பது சர்க்கரையால் ஆன கண்ணாடி! கல்கண்டு இதற்கு நேர் எதிர். அதில் பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டு, நூலைச் சுற்றிப் படிகத்தை மெதுவாக வளர விடுகிறார்கள். அதனால்தான் கல்கண்டுக்குப் பட்டையும் விளிம்பும் இருக்கிறது, மிட்டாய்க்கு இல்லை.

சர்க்கரைக் கண்ணாடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழைச் சாரலில் நாங்க ஒரு நாள் பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் மேலே இருந்த மிட்டாய் எல்லாம் தாளோடு ஒட்டிக்கொண்டது. அதனால் பாக்கெட்டைப் பிரித்த அன்றே கட்டி முடித்துவிடணும். வளையத்தை மழைச் சாரல் படாத இடத்தில்தான் மாட்டணும்.

இன்னொரு தகவல். ஆங்கிலத்தில் மிட்டாயைக் 'கேண்டி' என்கிறார்கள். துண்டு என்று பொருள்படும் 'கண்ட' என்ற வடசொல், பாரசீகம், அரபு, பிரெஞ்சு என்று ஊர் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனதாக அகராதிகள் சொல்கின்றன. நம்ம கல்கண்டில் இருக்கிற 'கண்டு'ம் அதே குடும்பம்தான். ஆக, கேண்டி நமக்குத் தூரத்துச் சொந்தம்!

தேவையான பொருட்கள்

* ரெண்டு மில்லிமீட்டர் கனமுள்ள ஜிஐ கம்பி, 2 மீட்டர்
* காது உள்ள கெட்டி மிட்டாய், 200
* பூக்கட்டுகிற நூல், ஒரு உருண்டை
* பழைய பருத்தித் துணி, ரெண்டு விரல் அகலத்தில் கிழித்தது
* சிவப்பு ரிப்பன், 2 மீட்டர்
* முனை மழுங்கிய கத்தரிக்கோல், 1
* குறடு, 1 (வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவும்!)

வெளிநாட்டுப் புத்தகங்களில் வளையத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்தச் சொல்லியிருப்பார்கள். அது வேண்டாம். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மண்ணில் மக்காத பொருள் அது. சின்ன வளையம் போதும் என்றால், பாட்டி வீட்டில் பானை வைக்கிற பிரிமணை இருக்குமே, அதுவே போதும். வைக்கோலிலோ நாரிலோ திரித்தது. தனியாகக் கம்பி கூட வேண்டாம்.

கணக்கு சார் சந்தோஷப்பட

எங்க வளையத்தின் விட்டம் 30 செ.மீ. சுற்றளவு கண்டுபிடிக்க என்ன செய்யணும்? விட்டத்தை 3.14 ஆல் பெருக்கணும். 30 × 3.14 = 94.2 செ.மீ. ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒரு ஜோடி மிட்டாய் கட்டினால் 94 ஜோடி. அதாவது 188 மிட்டாய். இருநூறு வாங்கினோமே, மீதி பன்னிரண்டு எங்கே என்று கேட்காதீங்க. கட்டுகிறவர்களுக்குக் கூலி வேண்டாமா?

எடைக் கணக்கும் முக்கியம். ஒரு மிட்டாய் ஏறக்குறைய 4 கிராம். 188 × 4 = 752 கிராம். முக்கால் கிலோ! இந்தக் கணக்கைப் போடாமல் முதலில் ஒற்றை ஹேங்கர் கம்பியில் கட்டினோம். பாதி கட்டும்போதே வட்டம் தொங்கிப் போய் மாங்காய் மாதிரி ஆகிவிட்டது. அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். அதனால் கம்பியை ரெட்டைச் சுற்றாகச் சுற்றணும். ரெண்டு சுற்றுக்கு 188.4 செ.மீ., முறுக்குவதற்குக் கொஞ்சம், ஆக 2 மீட்டர்.

வரவு செலவையும் எழுதிவிடுகிறோம், ஏன்னா காசு வகுப்பு முழுக்கப் போட்டது. ஆளுக்கு 5 ரூபாய், 46 பேர், மொத்தம் 230 ரூபாய். சில பேரால் கொடுக்க முடியலை, அவங்களுக்கு மத்தவங்க சேர்த்துப் போட்டோம். யார் யார்னு இங்கே எழுத மாட்டோம், அது யாருக்கும் தேவையும் இல்லை.

மிட்டாய் 2 பாக்கெட்: 180 ரூபாய்
கம்பி: 12 ரூபாய்
நூல்: 10 ரூபாய்
ரிப்பன்: 20 ரூபாய்
மொத்தம்: 222 ரூபாய்
மீதி: 8 ரூபாய் (வகுப்புத் தலைவரிடம் கொடுத்தாச்சு)

கடையில் நாங்க வளையம் செய்யப் போறதைச் சொன்னதும் அண்ணாச்சி, "மிட்டாயைத் திங்கிறதை விட்டுட்டுக் கட்டித் தொங்க விடுறீங்களா? நல்லாயிருங்கடே!" என்று சிரித்துக்கொண்டே பாக்கெட்டுக்கு 5 ரூபாய் குறைத்தார்.

செய்முறை

ஒன்று: வட்டம். கம்பியைத் தலைகீழாகக் கவிழ்த்த வாளி ஒன்றின் விளிம்பைச் சுற்றி ரெண்டு தடவை வளைக்கவும். வாளியின் வாய் 30 செ.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளவும். கம்பியின் ரெண்டு முனையையும் குறடால் முறுக்கி, கூர்மையான நுனியை உள்பக்கமாக மடக்கிவிடவும். இல்லாட்டி கையைக் கிழிக்கும்.

இரண்டு: துணி சுற்றல். துணிப்பட்டையைக் கம்பி முழுவதும் நெருக்கமாகச் சுற்றவும். வழவழப்பான கம்பியில் சரம் வழுக்கி ஒரே பக்கம் குவிந்துவிடும். துணி இருந்தால் பிடித்து நிற்கும்.

மூன்று: சரம் கட்டல். இதுதான் முக்கியமான இடம். முதலில் நாங்க ஒவ்வொரு மிட்டாய்க்கும் தனித்தனியாக நூலை வெட்டி முடிச்சுப் போட்டோம். ஒரு மணி நேரத்தில் முப்பதுதான் முடிந்தது. விரல் எல்லாம் சிவந்துவிட்டது. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு வந்த ஆயாம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்னாங்க. "இப்படிக் கட்டினா பொங்கல் வந்துரும். இங்கே குடு" என்று வாங்கி உட்கார்ந்தாங்க. அவங்க சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பூக்கட்டி விற்கிறவங்க. மல்லிகைப்பூக் கட்டுகிற அதே முடிச்சை மிட்டாயில் போட்டுக் காட்டினாங்க. எப்படின்னா:

நூலின் நுனியை இடது கையில் பிடிக்கவும். ஒரு மிட்டாயின் தலை அந்தப் பக்கம், இன்னொரு மிட்டாயின் தலை இந்தப் பக்கம் இருக்கிற மாதிரி வைத்து, ரெண்டின் காதும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி நூலில் வைக்கவும். நூலைக் காதுகளின் மேல் மூன்று சுற்றுச் சுற்றவும். (பூவுக்கு ரெண்டு சுற்றுப் போதும், மிட்டாய்த் தாள் வழுக்கும் என்பதால் மூன்று.) பிறகு வலது கை விரலில் நூலை ஒரு கண்ணியாகப் போட்டு, அந்தக் கண்ணியைக் காதுகளின் மேல் மாட்டி இழுக்கவும். இறுகிடும். அடுத்த ஜோடியைப் பக்கத்தில் ஒட்டி வைத்து மறுபடி இதே மாதிரி. ஒவ்வொரு முடிச்சும் தன்னைத்தானே பூட்டிக்கொள்வதால், ஒரு மிட்டாயை எடுத்தாலும் பக்கத்து மிட்டாய் விழாது. இதுதான் அந்த முடிச்சின் மகிமை!

பூவுக்குப் பயன்படுத்துகிற ஈர வாழைநார் இதற்கு ஆகாது. ஈரம் பட்டால் மிட்டாய் கெட்டுவிடும். உலர்ந்த நூல்தான் வேண்டும்.

ஆயாம்மா ஒரு ஜோடி கட்டுகிற நேரத்தை எண்ணிப் பார்த்தோம். நாங்க 'ஒண்ணு, ரெண்டு, மூணு' சொல்லி முடிக்கிறதுக்குள்ள கட்டிடுறாங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டு எங்க வகுப்புல ஆறு பேர் இப்போ பூக்கட்டுவோம். அதில் மூணு பேர் பையன்கள்!

நான்கு: சரத்தை வளையத்தில் கட்டல். 94 ஜோடி கட்டியதும் சரம் வளையத்தின் சுற்றளவுக்குச் சரியாக வரும். அதை வளையத்தின் மேல் வைத்து, 5 செ.மீ.க்கு ஒரு இடத்தில் தனி நூலால் கம்பியோடு சேர்த்துக் கட்டவும். உள்பக்கம் இடம் குறைவு என்பதால் உள்பக்க மிட்டாய்கள் நெருக்கும். அவற்றைக் கையால் கொஞ்சம் முன்பக்கமாகத் தூக்கிவிட்டால் புசுபுசுவென்று நிறைவாகத் தெரியும்.

ஐந்து: அலங்காரம். ஒரு மீட்டர் ரிப்பனில் பூ முடிச்சுப் போட்டு மேலே கட்டவும். மீதி ரிப்பனில் கத்தரிக்கோலைக் கட்டிக் கீழே தொங்கவிடவும். முக்கால் கிலோ எடை என்பதால் சின்ன ஆணி தாங்காது. ஜன்னல் கம்பியில் கட்டுவது பத்திரம். கத்தரிக்கோல் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கணும்.

வெட்டும்போது கவனிக்க

காகிதத்தை வெட்டணும், நூலை வெட்டக் கூடாது. அதுவும் மிட்டாயை ஒட்டி வெட்டினால் முறுக்கு பிரிந்து மிட்டாய் கீழே விழுந்துவிடும். நூல் முடிச்சுக்குப் பக்கத்தில், காதின் நடுவில் வெட்டினால் மிட்டாய் தாளோடு அப்படியே கைக்கு வரும்.

எறும்பு வராமல் இருக்க

எறும்பு சாக்பீஸ் கோடு போடலாம்னு ஒருத்தன் சொன்னான். கூடவே கூடாது! அது பூச்சி மருந்து. சாப்பிடுகிற பொருள் பக்கத்தில் அதைக் கொண்டுபோகக் கூடாது. வளையத்தைத் தொங்கவிடுகிற கயிற்றில் ஒரு துணித் துண்டை விளக்கெண்ணெயில் நனைத்துச் சுற்றிவிட்டோம். வளையம் சுவரையும் ஜன்னலையும் தொடாமல் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு எறும்பு வரலை. தாள் கிழிந்த மிட்டாய் இருந்தால் முதல்லயே எடுத்துவிடுங்க, எறும்புக்கு அழைப்பிதழ் அதுதான்.

எத்தனை சாப்பிடலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிச் சேர்க்கிற சர்க்கரை நம் உணவு ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கணும், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. காபி, டீ, பிஸ்கட்டிலேயே நமக்கு நிறைய சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. அதனால் நாளைக்கு ஒண்ணு போதும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கணும். அங்கன்வாடிக்குப் போகிற சின்னக் குழந்தைகளுக்குக் கெட்டி மிட்டாயைக் கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இனிப்பு சாப்பிடக் கூடாத நண்பர்கள் யாராவது இருந்தால், அவங்களுக்குக் கத்தரிக்கோல் பொறுப்பைக் கொடுங்க. வெட்டிக் கொடுக்கிறவங்களுக்குத்தான் மவுசு அதிகம்!

எங்கள் வளையம் என்ன ஆச்சு?

தேர்வின் கடைசி நாலு நாளும் வளையம் தொங்கியது. பரீட்சை எழுதிட்டு வெளியே வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு வெட்டிக்கலாம். 46 பேர், நாலு நாள், 184 மிட்டாய். மொத்தம் 188 ஆச்சே, மீதி நாலு? தலைமையாசிரியருக்கு ஒண்ணு, தமிழய்யாவுக்கு ஒண்ணு, வாட்ச்மேன் தாத்தாவுக்கு ஒண்ணு, ஆயாம்மாவுக்கு ஒண்ணு. முதல் மிட்டாயை ஆயாம்மாவைத்தான் வெட்டச் சொன்னோம். "எனக்கு எதுக்குய்யா, பிள்ளைங்க சாப்பிடுங்க" என்றாங்க. விடலை. வெட்டி முந்தானையில் முடிஞ்சுக்கிட்டாங்க. பேத்திக்காம். அவ மூணாவது படிக்கிறா.

கடைசி நாள் மிட்டாய் எல்லாம் தீர்ந்ததும் வளையம் வெறுமையா இருக்கும்னு நினைத்தோம். ஆனா வெட்டின காதெல்லாம் நூலில் அப்படியே நின்னு, சின்னச் சின்னக் கலர்ப் பூ மாதிரி இருந்தது. அதைக் கழற்றி, தாளை எல்லாம் ஒரு பையில் சேர்த்துக் குப்பைத் தொட்டியில் போட்டோம். தரையில் ஒரு மிட்டாய்த் தாள் கூடக் கிடக்கலைன்னு தலைமையாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பாராட்டினார். கம்பி வளையமும் துணியும் அப்படியே இருக்கு. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு பீரோ மேலே பத்திரமா வச்சிருக்கோம். இந்த வருஷம் செய்யப் போகிற வகுப்பு வந்து வாங்கிக்கலாம். கம்பிச் செலவு 12 ரூபாய் மிச்சம்!

கடைசியா ஒரு வார்த்தை. புத்தகத்தில் பார்க்கிற அழகான பொருளை எல்லாம் செய்து பாருங்க, தப்பே இல்லை. ஆனா மாட்டுறதுக்கு முன்னால், அந்த வாசல் வழியா தினமும் போய் வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. நாங்க கேட்காம மாட்டினது அரை நாள் கூடத் தொங்கலை. கேட்டு மாட்டினது கடைசி மிட்டாய் தீர்றவரைக்கும் தொங்கிச்சு.

முடிச்சுப் போடத் தெரியலைன்னா மத்தியானம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு சத்துணவுக்கூடத்துப் பக்கம் வாங்க. நாங்களும் இருப்போம், சொல்லித் தர ஆயாம்மாவும் இருப்பாங்க.

எல்லாருக்கும் அரையாண்டுத் தேர்வு வாழ்த்துக்கள்! கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துக்கள்!



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவ மாணவிகள்

(தயவுசெய்து இந்தத் தாளைக் கிழிக்காதீங்க. செய்முறை வேண்டுமென்றால் நோட்டில் எழுதிக்கொள்ளவும்!)